தாத்தா ஊருக்குப் போயிருக்கார்

என் மகள் போகும் டேகேரில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே சுவரில் ஒவ்வொரு கோடைக்கும் ஒரு சார்ட் பேப்பர் ஏறும். மேலே பச்சை ஸ்கெட்ச்சில் ‘கோடைச் செய்திகள்’. நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் மையத்தின் செய்திகள் இருக்கும். மே 4 முதல் 28 வரை கத்திரி என்பதால் காலை 11 மணிக்கு மேல் பிள்ளைகளை வாசலில் விளையாட விடமாட்டார்கள், சாயங்காலம் 4 மணிக்குப் பிறகுதான். பருத்தி உடுப்பு மட்டும் போட்டு அனுப்பவும், நைலான் கவுன் வேண்டாம். மதியம் தயிர்சாதம், இடையில் மோர், கிடைக்கிற நாளில் நுங்கு. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் தண்ணீர் ஊற்றி முடியும்வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று விடுமுறை. மதுரையில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் எழுதுவார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘நம்ம வீட்டுச் செய்திகள்’. காலையில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, “உங்க வீட்ல என்னப்பா விசேஷம்?” என்று டீச்சரம்மா கேட்பார். அவர்கள் சொல்வதை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துவைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எடுத்து எழுதுவார். அன்றைக்குச் சாயங்காலம் வங்கியிலிருந்து நேராகப் போய் நின்று, மகள் செருப்பைத் தேடும் நேரத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் பசு கன்று போட்டிருக்கிறது. ஒரு வீட்டில் அப்பா துபாயிலிருந்து வருகிறார், வரும்போது சைக்கிள் வருகிறது. ஒரு வீட்டில் அம்மா வயிற்றில் பாப்பா. இன்னொரு வீட்டில் அண்ணன் மொட்டை போட்டுக்கொண்டான். ஏழாவது வரி என் மகளுடையது. டீச்சரம்மாவின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது: “தாத்தா ஊருக்குப் போயிருக்கார். வரும்போது பெரிய பானை வாங்கிட்டு வருவார்.”

அப்பா இறந்து அன்றைக்கு 34 நாள்.

பக்கத்தில் இன்னொரு அம்மா நின்று படித்துக்கொண்டிருந்தார். “உங்க அப்பாதான இந்தப் பானை கொண்டாந்து வச்சது? நல்லா குளுகுளுன்னு இருக்குங்க தண்ணி. எனக்கும் ஒண்ணு சொல்லிவிடுங்களேன்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியில் முன்னால் நின்றபடி வழி நெடுக ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

பானை வந்த கதை

எங்கள் ஊர் மானாமதுரைக்குப் பக்கம். கோடை பிறக்கும் முன்னே ஒரு புதுப்பானை வாங்கி, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மண்வாடை போனதும் கூடத்தில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்த்துவது அப்பாவின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஏதோ தனக்கே பட்டம் கொடுத்த மாதிரி பேப்பரை மடித்து எடுத்துவைத்துக்கொண்டார். இந்த வருஷம் சிவராத்திரி முடிந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், பேத்தியைக் கூப்பிட டேகேருக்குப் போயிருக்கிறார். அங்கே பிள்ளைகள் பிளாஸ்டிக் கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரமே பஸ்ஸில், மடியில் வைக்கோல் சுற்றிய பானையோடு வந்து இறங்கிவிட்டார். குழாய் வைத்த பானை, பிள்ளைகள் எட்டும் உயரத்துக்கு ஒரு முக்காலி. ஈரத்துணி சுற்றவேண்டும், நிழலில் வைக்கவேண்டும், காற்று படவேண்டும், பானை வேர்க்க வேர்க்கத்தான் உள்ளே குளிரும் என்று ஆயாம்மாவுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தாராம். பிள்ளைகள் ‘பானைத் தாத்தா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். போகும்போது, “அடுத்த தடவ இதவிடப் பெரிய பானையாக் கொண்டாறேன்” என்று சொல்லியிருக்கிறார். மகள் அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி பத்தாம் தேதி விடியற்காலையில் தம்பியிடமிருந்து போன் வந்தது. மாரடைப்பு. மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நானும் கணவரும் கிளம்பினோம். மூன்றரை வயதுப் பிள்ளையை அந்த அழுகைக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. டேகேருக்கு பஸ்ஸில் இருந்தபடியே வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பினேன்: “ஊருக்குப் போகிறோம். பாப்பா இரண்டு வாரம் வரமாட்டாள்.” கருமாதி முடிந்து திரும்பினேன். மகள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, “தாத்தா எங்க?” என்றாள். “தாத்தா ஊருக்குப் போயிருக்காருடா” என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாயில் தானாக வந்தது. ஆனால் அடுத்த நாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் யோசித்தே சொன்னேன்.

டேகேரில் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அப்போது எனக்கு ஒரு காரணம் இருந்தது. சொன்னால் பிள்ளையைப் பாவமாகப் பார்ப்பார்கள், யாராவது அவள் எதிரில் வாய்தவறிச் சொல்லிவிடுவார்கள். உண்மையான காரணம் அதுவல்ல. காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளையை இறக்கிவிட்டு ஒன்பதரைக்குள் கவுண்டரில் உட்கார வேண்டியவள் நான். அந்த வாசலில் நின்று “எங்க அப்பா இறந்துட்டாங்க” என்று சொல்ல ஆரம்பித்தால், அன்றைக்கு நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். 34 நாள் அப்படிப் போயிற்று.

கேட்பதும் சொல்வதும்

அந்த சார்ட்டைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டுச் சங்கதியை யாரைக் கேட்டுச் சுவரில் ஒட்டினார்கள் என்று. பிறகு மெதுவாக வேறொன்று உறைத்தது. இந்த இரண்டரை வருஷத்தில் டேகேரிடம் நான் எவ்வளவு கேட்டிருக்கிறேன்! பாப்பா சாப்பிட்டாளா, எத்தனை கரண்டி, முட்டையில் மஞ்சள் கரு தின்றாளா, எத்தனை மணிக்குத் தூங்கினாள், மோஷன் போனாளா, கன்னத்தில் என்ன கீறல், வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டீர்களா. நான் கேட்க, அவர்கள் ஒன்றுவிடாமல் பதில் சொல்வார்கள். எங்கள் பக்கமிருந்து அவர்களுக்குப் போன செய்தி என்ன என்று போனை எடுத்துப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். “இன்று 15 நிமிடம் லேட் ஆகும்.” “சளி இருக்கு, குளிர்ந்த தண்ணி தர வேண்டாம்.” “ஃபீஸ் அனுப்பிவிட்டேன்.” அவ்வளவுதான். ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரம் என் பிள்ளை யாரிடம் இருக்கிறாளோ, அவர்களுக்கு என் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். அவளுக்குத் தெரியவைத்தது நான்.

எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் ஒரு மனக்குறை எப்போதும் உண்டு. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி 26 வாரம் விடுப்பு கொடுத்தார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர விடவேண்டும் என்றும் சேர்த்தார்கள். நல்ல சட்டம். ஆனால் எங்கள் கிளையில் காவலாளியையும் சேர்த்து 11 பேர். 26 வாரம் முடிந்ததும், இருந்த விடுப்பையெல்லாம் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, பதினோராவது மாதத்தில் நானே தெருத்தெருவாகத் தேடி இந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். காம்பவுண்டுக்குள் வேப்பமரம் நிற்கும் ஒரு வாடகை வீடு, 22 பிள்ளைகள், டீச்சரம்மா, இரண்டு ஆயாம்மா. காசு கொடுத்துப் பெறுகிற சேவை என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்கவேண்டும். காசு கொடுக்கிற இடத்தில் சாவைச் சொல்வோமா? கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் சொல்வதில்லை. இந்த எண்ணம் எவ்வளவு தப்பு என்று எனக்குப் புரிய அந்த ஏழாவது வரி வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அரைமணி நேரம் முன்னதாகவே போனேன். ஆயாம்மா பானைக்குத் துணி நனைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவை ஓரமாக அழைத்துப்போய், “டீச்சரம்மா, அந்த வரிய மட்டும் எடுத்துருங்க” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, “அப்பா போயிட்டாகளாத்தா?” என்றார். அப்பா இறந்தபிறகு நான் வாய்விட்டு அழுதது அந்த வேப்பமரத்தடியில்தான். ஊரில் அம்மாவையும் தம்பியையும் வந்தவர்களையும் பார்ப்பதிலேயே எனக்கு நாட்கள் போயிருந்தன. அன்றைக்கு வங்கிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனேன்.

டீச்சரம்மா மேலூர்ப் பக்கம் அங்கன்வாடியில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அன்றைக்கு அவர் சொன்ன ஒன்று இன்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. “பால்வாடியில இருக்கும்போது யாரும் வந்து எங்கிட்டச் சொல்லணும்னே இல்ல. சங்கு ஊதுனா எனக்கே கேக்கும்.” 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது அங்கன்வாடித் திட்டம். 400 முதல் 800 பேர் உள்ள ஊருக்கு ஒரு மையம் என்று கணக்கு. யார் வீட்டில் எத்தனை பேர், யார் உண்டாகியிருக்கிறார், யாருக்குப் பிரசவம், எந்தப் பிள்ளை எடை குறைந்திருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பதிவேட்டில் எழுதுவது வேலையிலேயே ஒரு பகுதி. இப்போது போஷன் ட்ராக்கர் என்று செல்போனுக்குள் போய்விட்டது, ஆனாலும் வீட்டுக்குப் போகவேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு முழுக்கோடையும் விடுமுறை விட்டாலும் அங்கன்வாடிக்குக் கொஞ்ச நாள்தான். அந்த நாட்களிலும் தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன் என்றார். ஒரு பிள்ளை இரண்டு நாள் சத்துமாவு உருண்டையைத் தொடாமல் வைத்திருந்தால், அந்த வீட்டில் என்ன என்று பார்க்கப் போவாராம். “இங்க டவுன்ல எனக்கு யார் வீடும் தெரியாதுத்தா. நீங்க வாசல்லயே விட்டுட்டு வாசல்லயே கூட்டிட்டுப் போறீக. பிள்ளைக சொல்றதுதான் எனக்குத் தெரியும். அதனாலதான் அந்த நோட்டே போட்டேன்.”

நான் அந்த நோட்டை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது பழைய பதிவேடு. பிள்ளைகள் வழியாக எங்கள் வீடுகளுக்குள் வரப் பார்த்திருக்கிறார்.

அப்போது இன்னொன்றும் சொன்னார். இரண்டு வாரமாக மகள் ஒரு காரியம் செய்கிறாளாம். கோடையில் தினமும் யாராவது ஒரு பிள்ளை ஊருக்குப் போகும். போகும் பிள்ளைக்கு எல்லோரும் கைகாட்டி டாட்டா சொல்வார்கள். மகள் மட்டும் அந்தப் பிள்ளையின் கவுனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாளாம். ஒரு வாரம் கழித்து அதே பிள்ளை ஊரிலிருந்து திரும்பி வந்தால், வாசல்வரை ஓடிப்போய் அதன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாளாம். “எனக்கு அது என்னன்னே புரியலத்தா. பிள்ளைகளுக்கு ஊருக்குப் போறதுன்னா திரும்பி வர்றது. நீங்க அந்த வார்த்தையக் குடுத்துட்டீக, அது காத்துக்கிட்டுக் கெடக்கு.”

அதுவரை எனக்கே நான் ஒத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருஷமும் சித்திரையில் நாங்கள் ஊருக்குப் போவோம். மானாமதுரையிலும் வீர அழகர் வைகையில் இறங்குவார். மகளை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய்த்தான் காட்டுவார். இந்த வருஷம் அம்மா தனியாக இருக்கிறார், கட்டாயம் போயிருக்கவேண்டும். நான் போகவில்லை. வெயில் அதிகம், லீவு கிடைக்கவில்லை, பாப்பாவுக்குச் சளி என்று அம்மாவிடம் போனில் ஏதேதோ சொல்லிவந்தேன். தாத்தா ஊரில் இருக்கிறார் என்று சொல்லிவைத்த பிள்ளையை அந்த ஊருக்கே எப்படி அழைத்துப்போவது? பிள்ளைக்காகச் சொன்னதாக நினைத்த ஒரு பொய்யால், புருஷனை இழந்த என் அம்மா பேத்தியைப் பார்க்காமல் ஒரு மாதம் இருந்திருக்கிறார். அவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

கேதம் கேட்க வந்தவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே மூத்த ஆயாம்மா. இருவரும் பஸ் ஏறி, இறங்கி, விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். டேகேரிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுப்படி ஏறியது அதுதான் முதல் முறை. “கேதம் கேக்க வந்தோம்த்தா. தெரியாமப் போச்சு” என்றார். கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்கள். காபி வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். அவரை ஒரே ஒரு நாள் அரைமணி நேரம் பார்த்த ஆயாம்மாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. முக்காலியை நாலு தடவை ஆட்டி ஆட்டிப் பார்த்ததும், ஒரு பக்கம் லேசாக ஆடியதால் காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் கொடுத்ததும், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து குழாயைத் திருகிப் பார்க்கும்வரை கிளம்பாமல் நின்றதும். எனக்கு இதெல்லாம் தெரியாது. ஊரில் வந்த நூற்றுக்கணக்கான பேரிடமும் கேட்காத என் அப்பாவை அன்றைக்குக் கேட்டேன்.

மகள் டீச்சரம்மாவை வீட்டில் பார்த்த பரவசத்தில் தன் பொம்மைகளையெல்லாம் கொண்டுவந்து மடியில் குவித்தாள். பேச்சு முடிந்ததும் இருவரும் எழுந்தார்கள். துக்க வீட்டில் யாரும் ‘வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். அவர்களும் என் தோளைத் தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். மகள் கையைத் தூக்கியபடியே வாசலில் நின்றாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “டீச்சரம்மா டாட்டாவே சொல்லல” என்றாள்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். டீச்சரம்மா முன்னமே சொல்லியிருந்தார், நீட்டி முழக்காதே, சாமிகிட்டப் போயிட்டார், நட்சத்திரமாயிட்டார் என்று இன்னொரு ஊரைக் காட்டாதே, நெஞ்சு நின்னுபோச்சு, இனிமே வரமாட்டார் என்று மட்டும் சொல் என்று. அப்படியே சொன்னேன். தாத்தா செத்துப்போயிட்டாங்கடா. நெஞ்சு நின்னுபோச்சு. இனிமே தாத்தா வரமாட்டாங்க. அம்மா உங்கிட்ட ஊருக்குன்னு சொன்னது தப்பு. அவள் என் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே கேட்டாள். “பானை?” என்றாள். “பானையும் வராதுடா.” அதற்குத்தான் அழுதாள். பெரிய பானை வராது என்பதற்கு, ரொம்ப நேரம்.

மறுநாள் சார்ட்டில் ஏழாவது வரிமேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. என்ன எழுதட்டும் என்று டீச்சரம்மா கேட்டார். நான் சொல்ல, அவர் எழுதினார்: “தாத்தா பங்குனி மாசம் இறந்துட்டார். பாப்பா அம்மாச்சியப் பாக்கப் போறா.” அன்று மாலைக்குள் குரூப்பில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர், தன் மாமியாருக்குப் புற்றுநோய் என்றும் மகன் இரவில் பயந்து எழுகிறான் என்றும் டீச்சரம்மாவிடம் தனியாக வந்து சொன்னாராம். பானை ஒன்று கேட்டிருந்த அந்த அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் கண் கலங்கி நின்றார். அவருக்குப் பானை வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் தம்பி வந்து நின்றான். வீட்டு வாசலில் அம்மா நிற்க, மகள் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். கூடத்தைப் பார்த்தாள். அப்பா படுக்கும் கயிற்றுக்கட்டில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது, அதன் பின்னால் எட்டிப் பார்த்தாள். அடுப்படி, கொல்லை, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை. நான் பின்னாலேயே போகப் பார்த்தேன், அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பி வந்து அம்மாவின் முன்னால் நின்றாள்.

“அம்மாச்சி, தாத்தா இல்ல.”

“ஆமாத்தா, இல்ல” என்றார் அம்மா. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் கூடத்துப் பானைப்பக்கம் போனார்.